உழைப்பவர் எண் உழைப்பவர் கையில்
(கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் தலைமையாசிரியர் ஒருவர் பேச எழுந்தால், கல்வியின் சிறப்பைப் பற்றியே பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் ஏற்றி வைத்த விளக்குகளைப் பற்றிப் பலரும் சொன்னார்கள், இனியும் சொல்வார்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பத்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைப் பற்றியே பேச வந்துள்ளோம். தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம், அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று வழங்கும் கழகம், ஒவ்வொரு தொழிலாளிக்கும் அளிக்கும் காப்பீட்டு எண்தான் அது.

இந்த அவையில் அமர்ந்திருப்போரில் தொழிற்சாலைக்குச் செல்பவர் எத்தனை பேர் என்று கேட்டால் பல கைகள் உயரும். உங்கள் காப்பீட்டு எண் என்ன என்று அடுத்துக் கேட்டால், உயர்ந்த கைகளில் பல தாழ்ந்துவிடும் என்பதை நாம் அறிவோம். தேர்வு எழுதி எத்தனையோ ஆண்டுகள் கழிந்தும் தம் பத்தாம் வகுப்புத் தேர்வு எண்ணை மறவாமல் சொல்லும் நம் பிள்ளைகள், தம் வயிற்றுப்பாட்டோடு தொடர்புடைய எண்ணை அறியாதிருக்கிறார்கள். இது அவர்களுடைய குற்றம் அன்று. அந்த எண்ணை அறிந்து வைத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஆசிரியர்களாகிய நாமும் கற்பிக்கவில்லை. அந்தக் குறையை இங்கேயே தீர்த்துக்கொள்வதுதான் இவ்வுரையின் நோக்கம்.

எண்ணையும் கணக்கையும் பற்றி நம் சமுதாயத்திற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. நம் பாட்டன்மார் பண்ணையில் உழைத்தார்கள். எத்தனை நாள் உழைத்தார்கள், எத்தனை மரக்கால் கூலி வாங்கினார்கள், எவ்வளவு கடன் பட்டார்கள் என்பதெல்லாம் பண்ணைக் கணக்கில் இருந்தது. கணக்கை எழுதியவர் வேறொருவர், வைத்திருந்தவரும் வேறொருவர். நம்மவர் செய்தது கைநாட்டு வைத்தது ஒன்றே. தீராத கடன் என்று கணக்குச் சொன்னால், அது தீராததாகவே இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976 ஆம் ஆண்டில்தான் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆகவே, உழைப்பு நம்முடையதாகவும் உழைப்பின் கணக்கு பிறருடையதாகவும் இருந்த நிலை நெடுங்காலத்திற்கு முந்திய கதை அன்று. இங்கே அமர்ந்திருக்கும் முதியோர் சிலர் அதைக் கண்ணால் கண்டவர்கள்.

இந்த நிலையை மாற்றுவதற்கு எடுக்கப்பட்ட முயற்சிகளுள் இ.எஸ்.ஐ. திட்டமும் ஒன்று. அதன் பிறப்போடு நம் சமுதாயத் தலைவர்கள் இருவர் தொடர்பு கொண்டவர்கள் என்பதை நம் இளைஞர்களுள் பலர் அறியார். அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டத்தின் சிற்பி என்று அறிவோம். அவர் 1942 ஆம் ஆண்டு முதல் 1946 ஆம் ஆண்டு வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக வீற்றிருந்தார். அக்காலத்தில்தான் தொழிலாளர்க்கு நோய்க் காப்பீடு வகுப்பது குறித்து ஆராயும் பணி பேராசிரியர் பி.பி. அதார்க்கர் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, அவருடைய அறிக்கை 1944 ஆம் ஆண்டில் அளிக்கப்பெற்றது. அந்த அறிக்கையின் அடிப்படையில் எழுந்த சட்டம் 1948 ஆம் ஆண்டில் நிறைவேறியபோது, இந்திய அரசின் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தவர் பாபு ஜெகஜீவன்ராம் அவர்கள். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் 1955 ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தொடங்கிற்று. அந்த 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பிற்காலத்தில் 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டு, புதிய சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்தின் பெயர் மாறினாலும், தொழிலாளிக்கு ஓர் எண், அந்த எண்ணின் கீழ் அவருடைய உழைப்பின் கணக்கு என்னும் அடிப்படை மாறவில்லை.

இ.எஸ்.ஐ. என்றால் மருத்துவமனை என்பதே நம் மக்கள் பெரும்பாலோருடைய எண்ணம். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குவதும் பேறுகாலத்திற்குச் சேர்வதும் மட்டுமே அதன் பயன் என்று கருதுகின்றனர். உண்மை அதனினும் பெரிது. நோயினால் வேலைக்குச் செல்ல இயலாத நாள்களுக்கு ஊதியத்தில் ஒரு பகுதி, பெண்களுக்குப் பேறுகால உதவி, தொழிற்சாலை விபத்தில் ஊனமுற்றால் உதவித்தொகை, உயிரிழந்தால் குடும்பத்தாருக்கு உதவித்தொகை என்று பல பயன்கள் உண்டு. இவற்றோடு வேலை இழந்த காலத்திற்கும் ஓர் உதவி உண்டு என்பதுதான் நம்மவரிடம் சென்று சேராத செய்தி.

இதில் இரு திட்டங்கள் வந்துள்ளன. 2005 ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பட்டது இராஜீவ் காந்தி பெயரிலான திட்டம். தொழிற்சாலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நேர்ந்தாலோ வேலை இழப்போர்க்கு உதவுவது அதன் நோக்கம். 2018 ஜூலை முதல் நாள் தொடங்கப்பட்டது அடல் பெயரிலான திட்டம். இதன்படி வேலை இழந்த தொழிலாளிக்கு அவருடைய சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடு வீதம், வாழ்நாளில் ஒரு முறை, 90 நாள் வரை அளிக்கப்படும் என்று முதலில் வகுக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் 24 முதல் வேலை இழந்தோர்க்கு அது 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டு, தகுதி விதிகளும் தளர்த்தப்பட்டன. நாள் ஒன்றுக்கு 400 ரூபாய் சராசரி ஊதியம் பெற்ற ஒருவருக்கு, முதல் விதிப்படி நாளொன்றுக்கு 100 ரூபாயாக 90 நாளுக்கு 9,000 ரூபாய். உயர்த்தப்பட்ட விதிப்படி 18,000 ரூபாய். இத்திட்டம் சோதனைத் திட்டமாகத் தொடங்கி, அவ்வப்போது காலம் நீட்டிக்கப்பட்டு வந்தது. ஆகவே, கோரிக்கை எழுதும் நாளில் என்ன விதி நடப்பில் உள்ளது என்பதை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுத் தெளிதல் வேண்டும். ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவர்க்கும் தாமாக வேலையை விட்டவர்க்கும் இவ்வுதவி இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லி வைக்கிறோம்.

இவ்வளவையும் பெறுவதற்கு வாயில் எது? அந்தப் பத்து இலக்க எண்தான். எண் இல்லாதவர் வாயிலிலேயே நின்றுவிடுகிறார். இதனை நாம் நூலில் படித்து அறியவில்லை, கண்டு அறிந்தோம்.

2021 பிப்ரவரியில், கொரோனாவினால் மூடப்பட்ட பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பைத் திறந்தார்கள். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர்களை அழைத்தபோது ஒரு மாணவன் மட்டும் தொடர்ந்து வரவில்லை. நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளை. நாம் அவன் வீட்டிற்குச் சென்றோம். அவனுடைய தந்தையும் நம்மிடம் பயின்றவரே. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் பகுதி ஊர்களில் தோல் பதனிடும் தொழிலிலும் காலணித் தொழிலிலும் நம் மக்கள் தலைமுறைகளாக உழைத்து வருவதை நீங்கள் அறிவீர்கள். அவரும் ஒரு காலணித் தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை பார்த்தவர். ஊரடங்கிற்குப் பின் 2020 ஜூனில் ஆலை திறந்தபோது, அவரைத் திரும்ப அழைக்கவில்லை. எட்டு மாதமாக நிலையான வேலை இல்லை. பையன் இரு சக்கர வாகனம் பழுது பார்க்கும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தான்.

“உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தார்களா?” என்று கேட்டோம்.

“பிடித்தார்கள் ஐயா. மாதாமாதம் பிடித்தார்கள்.”

“உங்கள் எண் என்ன?”

“அதெல்லாம் மேஸ்திரியிடம்தான் ஐயா இருக்கும். நமக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.”

அன்று முழுதும் அந்த வீட்டில் எண்ணைத் தேடினோம். சம்பளச் சீட்டு ஒன்றும் இல்லை. கூலியைக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அட்டை ஏதும் அவர் கைக்கு வரவில்லை. கடைசியில் அவருடைய துணைவியார் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் அதில் இருந்தன. அவற்றோடு, இளைய மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் எழுதிக் கொடுத்த சீட்டும் இருந்தது. அந்தச் சீட்டின் மேற்புறத்தில் பத்து இலக்கங்கள்! கணவர் உழைப்பின் ஒரே சான்றினை அந்த அம்மையார் காத்து வைத்திருந்தார். தாய்மார்களே, வீட்டில் ஒரு தாளையும் கிழித்தெறியாமல் வைத்திருக்கும் உங்கள் பழக்கத்தை எவரேனும் எள்ளினால், இந்த நிகழ்ச்சியை எடுத்துச் சொல்லுங்கள்.

அந்த எண்ணோடு கிளை அலுவலகம் சென்றோம். அங்கே வேறொரு சிக்கல் வெளிப்பட்டது. அந்த எண்ணின் கீழ் 2019 மார்ச் வரைதான் தொகை கட்டப்பட்டிருந்தது. 2019 ஏப்ரலில் அதே ஆலையில் ஒப்பந்தக்காரர் மாறியிருக்கிறார். புதியவர், பழைய எண்ணைக் கேளாமல், இவர் பெயரில் புதிய எண் ஒன்றைப் பதிந்துவிட்டார். பெயரில் ஓர் எழுத்து வேறு. பிறந்த ஆண்டும் வேறு. கைபேசி எண்ணோ மேஸ்திரியின் எண். கழகத்திலிருந்து வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் மேஸ்திரியின் கைபேசிக்கே சென்றிருக்கின்றன.

மாணவர்களே, இதனை ஒரு கணக்காக எண்ணிப் பாருங்கள். அப்போதைய விதிப்படி உதவி பெறுவதற்கு முதல் தகுதி, வேலை இழப்பதற்கு முன் இரண்டு ஆண்டுக் காலம் காப்பீட்டிற்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பது. அடுத்தது, வேலை இழப்பதற்கு முந்திய பங்களிப்புப் பருவத்தில் குறைந்தது 78 நாளுக்குத் தொகை கட்டியிருக்க வேண்டும் என்பது. பங்களிப்புப் பருவம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. முதல் எண்ணை மட்டும் பார்த்தால், அவர் பல ஆண்டு உழைத்தவர். ஆயின் முந்திய பருவத்தில் ஒரு நாளும் இல்லை. இரண்டாம் எண்ணை மட்டும் பார்த்தால், முந்திய பருவம் முழுமையாக உள்ளது. ஆயின் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகவில்லை. மனிதர் ஒருவர், உழைப்பு ஒன்று, ஏட்டிலோ அவர் இரு பாதியாகக் கிடந்தார். இரு பாதியில் எதற்கும் தகுதி இல்லை.

இரு எண்களையும் ஒன்றாக்கி, பெயரையும் பிறந்த ஆண்டையும் திருத்துவதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. பள்ளியின் மாற்றுச் சான்றிதழிலிருந்து பிறந்த நாளுக்குச் சான்று எழுதிக் கொடுத்தோம். ஒப்பந்தக்காரரைத் தேடி நான்கு முறை அலைந்தோம். முடிவில் 2021 ஆகஸ்டில் தொகை அவருடைய வங்கிக் கணக்கிற்கு வந்தது. சராசரி நாள் ஊதியம் 380 ரூபாய். அதில் பாதி 190. 90 நாளுக்கு 17,100 ரூபாய். மளிகைக் கடைப் பாக்கியும் அடகு வைத்த தோடும் அதில் தீர்ந்தன. செப்டம்பரில் பள்ளி திறந்தபோது பையன் மீண்டும் வந்தான்.

அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர் அனைவர்க்கும் தேர்வின்றித் தேர்ச்சி அளித்தது அரசு. ஆதலால் அவன் கடையில் திருப்புளியைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்திலும், பள்ளிப் பதிவேட்டில் அவன் பெயர் பத்தாம் வகுப்புக்கு ஏறியிருந்தது. பள்ளியில் பிள்ளை இல்லை. ஏட்டில் பெயர் இருந்தது. ஆலையில் தந்தை இருந்தார். ஏட்டில் அவர் பெயர் சரியாக இல்லை. ஏட்டைப் பராமரிப்பவர் நன்றாகப் பராமரித்தால் ஒரு குடும்பம் காக்கப்படுகிறது என்பதைப் பதிவேடுகளோடு முப்பது ஆண்டு வாழ்ந்த நாமே அன்றுதான் முழுதாக உணர்ந்தோம். ஆயினும், வராமற்போன பிள்ளைகள் எல்லாரும் அவனைப் போல் திரும்பிவிடவில்லை. இதனை நெஞ்சில் கொண்டே மேலே சொல்கிறோம்.

இனி, ஒவ்வொருவரும் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்வோம். இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எண்களை வேறுபடுத்தி அறிதல். இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் பத்து இலக்கம். பி.எஃப். எனப்படும் வருங்கால வைப்பு நிதிக்குரிய எண், 2014 ஆம் ஆண்டு முதல் அளிக்கப்படுவது, பன்னிரண்டு இலக்கம். ஆதார் எண்ணும் பன்னிரண்டு இலக்கமே. பதினேழு இலக்க எண் ஒன்றும் சில தாள்களில் காணப்படும். அது நிறுவனத்திற்கு இ.எஸ்.ஐ. அளித்த குறியீடு, தொழிலாளியின் எண் அன்று. பலர் பி.எஃப். எண்ணை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. அலுவலகம் சென்று திரும்புகிறார்கள். எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பார்த்தாலே இந்த அலைச்சல் குறையும்.

இரண்டாவது, எண்ணைத் தேடும் இடம். வேலையில் சேர்ந்தபோது குடும்பத்தோடு நிழற்படம் ஒட்டி அச்சிட்டுத் தந்த அடையாளத் தாள் அல்லது அட்டை இருந்தால் அதில் எண் இருக்கும். சம்பளச் சீட்டில் இருக்கும். இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் தந்த சீட்டுகளில் இருக்கும். உங்கள் கைபேசி எண் சரியாகப் பதிவாகியிருந்தால், கழகத்திலிருந்து வந்த பழைய குறுஞ்செய்திகளில் தேடலாம். இவற்றுள் ஒன்றும் இல்லையெனில், நிறுவனத்தின் அலுவலகப் பிரிவில் கேட்க வேண்டும். வாயால் கேட்டுத் தராவிடில், எழுத்தால் கேட்க வேண்டும். எழுதிய மடலின் நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அங்கும் கிடைக்காவிடில் உங்கள் பகுதிக்குரிய இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திற்குச் செல்லுங்கள். ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், நிறுவனத்தின் பெயர், கிடைத்தால் அதன் பதினேழு இலக்கக் குறியீடு, வேலையில் சேர்ந்த நாள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2526. இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. எண்ணை எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகரிடம் ஆதார் அட்டையையோ, கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணையோ கொடுத்துவிடாதீர்கள்.

நான்காவது, எண் கிடைத்த அன்றே அதன் கீழ் உள்ள விவரங்களைச் சரிபார்த்தல். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த நாள், வேலையில் சேர்ந்த நாள், குடும்ப உறுப்பினர் பெயர்கள், கைபேசி எண், ஆதார் இணைப்பு, வங்கிக் கணக்கு ஆகிய இவை அனைத்தும் சரியாக இருத்தல் வேண்டும். திருமணத்திற்குப் பின் பெயரின் முன்னெழுத்து மாறிய சகோதரிகள் இதில் தனிக் கவனம் செலுத்துங்கள். ஆதாரில் ஒரு முன்னெழுத்து, ஆலைப் பதிவில் வேறு முன்னெழுத்து என்றிருந்தால், உதவி கோரும் நாளில் அது ஒரு மலையாக எழுந்து நிற்கும். வேலையில் இருக்கும்போது திருத்துவது எளிது; வேலை போனபின் திருத்துவது மிகக் கடினம்.

ஐந்தாவது, மாதந்தோறும் தொகை கட்டப்படுகிறதா என்று பார்த்தல். 2019 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. மாதம் 12,000 ரூபாய் ஊதியத்திற்குத் தொழிலாளி 90 ரூபாயும் முதலாளி 390 ரூபாயும் ஆக 480 ரூபாய் கட்டப்பட வேண்டும். கழகத்தின் இணையதளத்திலும் உமங் என்னும் கைபேசிச் செயலியிலும் காப்பீட்டு எண்ணைக் கொண்டு இதனைப் பார்க்கலாம். இந்த வேலையை வீட்டிலுள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடுவான். சம்பளத்தில் பிடித்த தொகையைக் கழகத்தில் கட்டாமல் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். ஒப்பந்தக்காரர் கட்டவில்லை என்றால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே அதற்குப் பொறுப்பு. “நீ காண்டிராக்ட் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று எவரேனும் சொன்னால், அந்த விடை செல்லாது என்பதை அறிந்து நில்லுங்கள்.

ஆறாவது, வேலை மாறும்போது பழைய எண்ணைப் புதிய இடத்தில் கொடுத்தல். காப்பீட்டு எண் ஒருவருக்கு ஒன்றுதான். ஆலை மாறினாலும், ஒப்பந்தக்காரர் மாறினாலும், ஊர் மாறினாலும் எண் மாறாது. “எனக்கு முன்னமே எண் உண்டு, இதன் கீழ்ச் சேருங்கள்” என்ற ஒரு தொடரைச் சொல்லியிருந்தால், நாம் கண்ட அந்தக் குடும்பத்தின் ஐந்து மாதத் துன்பம் நேர்ந்திராது.

இ.எஸ்.ஐ. வரம்பிற்குள் வாராத நம் மக்கள் பலர் உள்ளனர் என்பதை மறந்து பேசவில்லை. வயல் வேலை செய்வோர், வீட்டு வேலை செய்வோர் ஆகியோர்க்கு ஆலை வேலையாளுக்குரிய இந்த உதவி இல்லை. இது பெருங்குறை, இதனைத் தீர்க்கக் குரல் கொடுக்க வேண்டியதும் நம் கடமை. ஆயினும் அவர்களுக்கும் எண் உண்டு. தமிழக அரசின் தொழிலாளர் நலவாரியங்களில் பதிவு செய்து பெறும் எண் ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் பதிவில், அமைப்புசாராத் தொழிலாளர்க்கு அளிக்கப்படும் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று. அந்த எண்களும் பெட்டியில் பத்திரமாக இருத்தல் வேண்டும்.

இறுதியாகச் சங்கத்தாரிடமும் இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் படிப்பகம் ஞாயிறுதோறும் திறந்திருக்கிறது. அங்கே படித்த இளைஞர் இருவர் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கட்டும். எண் அறியாத தொழிலாளி எவர் வந்தாலும் தேடித் தரட்டும். விவரங்களைச் சரிபார்த்துக் கொடுக்கட்டும். கிளை அலுவலகத்திற்கு எழுத வேண்டிய மடலை எழுதிக் கொடுக்கட்டும். ஒவ்வொரு குடும்பத்திற்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வெள்ளி விழா நினைவாகச் சங்கம் வழங்கட்டும். முதல் பக்கத்தில் காப்பீட்டு எண். அடுத்த பக்கங்களில் எந்த ஆலை, எந்த ஒப்பந்தக்காரர், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, மாதம் எவ்வளவு பிடித்தார்கள் என்பவை.

ஆனால் ஒன்று. அந்த நோட்டு அந்தந்தக் குடும்பத்திடமே இருக்க வேண்டும். சங்க அலமாரியில் வைத்துப் பூட்டுதல் கூடாது. மேஸ்திரியின் பையில் இருந்த எண், செயலாளரின் பெட்டிக்கு மாறுவது விடுதலை ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவரானாலும், தம் எண் எழுதிய தாளைத் தாமே மடித்து வைக்கட்டும். தேவைப்படும்போது தாமே எடுத்து நீட்டட்டும். அதனைப் படித்துச் சொல்வதற்குத்தான் நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம்.

இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் எத்தனை பட்டதாரிகளை ஆக்கியது என்று மலரில் பட்டியல் வெளியிடுகிறோம். அது பெருமைக்குரியதே. அந்தப் பட்டதாரிகள் தம் தந்தையின் காப்பீட்டு எண்ணையும் தாயின் காப்பீட்டு எண்ணையும் அறிந்து வைத்திருக்கிறார்களா என்று இன்றிரவு வீட்டிற்குச் சென்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். அறியாதவர் நாளைக் காலை தேடத் தொடங்கட்டும். பண்ணைக் கணக்கில் கைநாட்டு வைத்த பாட்டனின் பேரப்பிள்ளை, தன் உழைப்பின் கணக்கைத் தானே எழுதி, தானே படித்து, தானே கேட்டுப் பெறும் நாளில்தான் நம் கல்விச் சங்கத்தின் நோக்கம் நிறைவேறும்.



வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!